சித்திரையில் மழையைக் கூட்டி வந்தவன்

சூடான பிளாஸ்டிக் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இந்தி கேட்கத் தொடங்கிவிடும். பம்பாயில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஒரு சித்திரையில் ஊர் திரும்பிய சேகர் மாமா, அம்மாவின் தம்பி, டிவிடி பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்து இறங்கினார். அரைமணி நேரம் ஓடினாலே அது இஸ்திரிப் பெட்டி போலக் கொதிக்கும். அதன் தலையில் ஈரத்துணி போட்டு ஆற்றுவார் மாமா. அந்த ஈரத்தில் கரன்ட் அடித்துக் குடும்பமே போய்விடுமோ என்று பயந்தவள் நான் ஒருத்திதான்.

எட்டாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு உப்பளத்துக்குப் போகத் தொடங்கிய வருஷம் அது. என்னைத் தெருவே "பதட்டக்காரி" என்று கூப்பிட்டது. ஆனால் மாமா முதன்முதலாகப் படம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பதட்டத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடும் பக்கத்து அஞ்சலை அத்தை வீடும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த அளத்தில், நாள்கணக்காக வாரிய உப்பு முழுவதும் "அம்பாரம்" என்று நாங்கள் சொல்லும் பெரிய குவியலாக வரப்பின்மேல் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் லாரி வருகிறதென்று மேலே மூடியிருந்த ஓலையைக் காலையிலேயே பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் அவ்வளவும் கரைந்து, எடுத்த பாத்திக்கே திரும்பப் போய்விடும். "மூடிட்டு வந்துடலாமா?" என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் திட்டு வாங்கினேன்.

படம் இந்தி. அதுவரை நாங்கள் பார்த்த நாயகர்கள் எல்லாம் ஓடுவார்கள், உதைப்பார்கள், அதிகம் போனால் மாடியிலிருந்து குதிப்பார்கள். இவனோ உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பும் முகமூடியும் முதுகில் தொங்கும் சிவப்புத் துணியுமாக, கப்பலுக்கு மேலே காகம்போலப் பறந்தான். மாமாதான் அர்த்தம் சொன்னார்.

"மொவமூடி எதுக்குடா சேகரு? அரிக்காது?" என்றாள் அம்மா.

"நல்லது பண்றவன் யாருன்னு ஜனங்களுக்குத் தெரியக்கூடாதாம்க்கா."

"அதிசயமா இருக்குதே! நம்ம ஊர்ல கோயிலுக்கு ஒரு டியூப்லைட் குடுத்தாகூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர எழுதிடுறானுங்க," என்றாள் அஞ்சலை அத்தை. வீடே சிரித்தது. எனக்கும் அவனைப் பிடித்துப்போனது. இத்தனை பெரிய ஊரைக் காப்பாற்றும் வேலையை ஒருத்தன் எப்படிப் பயமில்லாமல் செய்கிறான் என்று வாய் பிளந்து பார்த்தேன்.

கடைசியில் வில்லன் பட்டணத்துக்குத் தீ வைத்தான். நாயகன் மேகங்களை இரண்டு கையாலும் இழுத்து வந்து முட்ட வைத்தான். இடி இடித்தது, மழை கொட்டியது, ஜனங்கள் நனைந்துகொண்டே ஆடினார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை.

"அடப்பாவி, சித்திரையில மழயக் கூட்டாந்துட்டானே! இவனெல்லாம் நல்லவனா?" என்று அம்மா கத்தினாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தேன்: டிவி எனக்கு முன்னால் இருக்கிறது, ஒரு இடி மட்டும் முதுகுக்குப் பின்னால் இடித்தது. சொன்னேன். "ஆரம்பிச்சிட்டாடா பதட்டக்காரி," என்றார்கள். என்ன துணிச்சலோ, எழுந்துபோய் மாமா கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்திவிட்டேன். நாயகன் அந்தரத்தில் அப்படியே நின்றான். வீடு அமைதியானது. அந்த அமைதியில், மேற்கே இடி உருண்டது.

எல்லோரும் ஓடினோம். அளத்தை அடையும்போது காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. ஓலையை அடுக்க நேரமில்லை. வரப்போரம் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு அம்மா அம்பாரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டாள். பாய் அவள் முதுகுக்குப் பின்னால் விரிந்து படபடவென்று அடித்தது.

"எக்கா, பறந்துடாதக்கா!" என்று கீழிருந்து கத்தினார் மாமா.

"வாயப் பாரு! கயித்தப் புடிடா!"

முதல் துளி விழும்போது மூன்று பக்கம் கட்டியிருந்தோம். நாலாவது பக்கத்துக்குக் கயிறு போதாமல் நானும் அஞ்சலை அத்தையும் பாயின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். மழை அடித்துத் தீர்த்தது. ஓரத்தில் கொஞ்சம் கரைந்தது, மற்றதெல்லாம் நின்றது. சொட்டச் சொட்ட நனைந்த அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இனிமே இந்தப் பொண்ணு வாயத் தொறந்தா யாரும் சிரிக்கக்கூடாது."

சிரிக்கவில்லை. பிறகு வந்த கோடைகளில் அளத்தில் மீசை நரைத்தவர்கள்கூட, வீட்டுக்குப் போகுமுன் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னிக்கு மூடிட்டுப் போவணுமா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேள்விக்குப் பதில் தெரிந்து கை தூக்காதவள் நான். வானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன்.

இன்று நான் ஆரோவில்லில் ஒரு விடுதியில் சமைக்கிறேன். மாமாவின் பெட்டி எப்போதோ புகைந்துபோனது, ஓலை போய் எங்கும் பிளாஸ்டிக் பாய் வந்துவிட்டது, மழை வருமா என்று ஆளைக் கேட்கும் வழக்கமும் போய்விட்டது; செல்போன் சொல்லிவிடுகிறது. போன சித்திரையில் மகள் அடம்பிடித்து என்னைப் புதுச்சேரிக்கு மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனாள். அதிலும் ஒருத்தன் பறந்தான், அதிலும் மழை கொட்டியது, அரங்கமே விசிலடித்தது. என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து, இன்னும் அளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் அஞ்சலை அத்தைக்குப் போன் போட்டு, உப்பை மூடியாயிற்றா என்று கேட்டேன்.

"வானம் பளிச்சுனு இருக்குதுடி. போன்லயும் மழை இல்லன்னுதான் போட்டிருக்கான்," என்றாள்.  பிறகு செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. "சரி, நீ கேட்டுட்ட இல்ல. போயி மூடிட்டு வந்துடறேன்."