ரிவர்ஸ் கியர் கேட்ட பிலோமினா அக்கா

பிலோமினா அக்காவைக் கொன்றுவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறும்போது தவறி விழுந்தார் என்று செய்தித்தாளில் நான்கு வரி வந்திருந்தது. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அவர் தவறவில்லை. போலியோ தாக்கிய வலது காலைக் கையால் தூக்கிப் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தார், டிரைவர் வண்டியை எடுத்தார். அவர்கள் இருவர்மீதும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த இருவரை மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறும் தேவையே இல்லாதபடி அக்கா தன் வீட்டு வாசலில் ஒரு வண்டியைச் செய்து வைத்திருந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செய்தி காலை ஷிப்டில் வந்தது. எங்கள் வைண்டிங் பிரிவின் வாட்ஸப் குழுவில் யாரோ மெழுகுவத்திப் படம் போட்டு, கீழே அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பிரிவு அது. அக்கா சுற்றுவார், நான் சோதித்து அனுப்புவேன். முந்தின நாள் அவர் சுற்றிய காயில்கள் என் மேஜைமேல் இருந்தன. ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒன்று சரியில்லை, தள்ளி வைத்தேன். மற்றவற்றில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். டீ வந்தது, குடித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அந்தோணி அண்ணனைக் கட்டிக்கொண்டு போத்தனூருக்கு இறங்கி வந்தார். அண்ணன் வீடுகளுக்கு இரும்புக் கேட் செய்பவர். ரயில்வே லைனுக்குப் பின்னால் வாசல் பெரிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அக்கா சாந்தமானவர், பொறுமைசாலி என்றெல்லாம் இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். பொய். கேன்டீன் சாம்பாரைத் தட்டோடு திருப்பி அனுப்புகிறவர் அவர். "பொறுமையா இருங்கன்னு சொல்றவன் பூராம் சேர்ல உக்காந்துட்டுத்தான் சொல்றான் தம்பி" என்று சொன்னவர்.

அரசு கொடுத்த பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் மார்க்கெட் சந்தில் எதிரே ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் போகச் சொல்லி டிரைவர் ஹாரனை அடித்தான். ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. இரண்டு காலும் நன்றாக இருப்பவர்கள் தரையில் ஊன்றித் தள்ளிக்கொள்வார்கள். அந்த வண்டியோ ஊன்ற முடியாதவர்களுக்காகவே கொடுக்கப்படுவது. அதற்கும் ரிவர்ஸ் இல்லை. கடைக்காரர்கள் நாலு பேர் வந்து இழுத்துவிட்டார்கள். ஒருவர், "பாவம், ஊட்டுல இருக்கக் கூடாதுங்களா அம்மணி?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அன்று ஷிப்ட் முழுக்க அக்கா என்னிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"முன்னாடி போறதுக்குத்தான் ஊரைக் கேக்கோணும்னா, பின்னாடி போறதுக்குமா? எனக்கு ரிவர்ஸ் கியர் வேணும் தம்பி. அதோட மலையேறோணும். எங்கம்மாவைப் பாக்க அந்தப் பஸ்ஸுல இனி ஏற மாட்டேன். தூக்கி ஏத்தறேன்னு வர்றவன் கை எங்கெங்க படுதுன்னு எனக்குத் தெரியும்."

ரிவர்ஸ் இருக்க வேண்டும், மலையேற வேண்டும் என்றால் கார் எஞ்சின்தான். கார் வாங்கி ஓட்டக்கூடாதா என்று நானும் கேட்டேன். "எங்க சந்துக்குள்ள காரை மடிச்சா எடுத்துட்டுப் போறது?" என்றார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு சின்னக் கார் கிடைத்தது. அந்த மாதிரி காரில் எஞ்சின், கியர்பெட்டி, இழுக்கிற சக்கரங்கள் எல்லாமே முன்பக்கம்தான். அந்த முன்பாதியை அப்படியே அறுத்து வண்டியின் பின்பாதியாக வைத்தார்கள். முன்னால் பழைய மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கும் ஒற்றைச் சக்கரமும். ஸ்கூட்டரிலிருந்து ஹாண்டில் பாரும் கைப்பிரேக்கும் கழற்றிப் போட்டார்கள். மிச்சமிருந்த ஸ்கூட்டர் எடைக்குப் போனது. கிளட்ச் அக்காவின் நல்ல காலுக்கு, இடப்பக்கம். மற்றதெல்லாம் கைக்கு.

சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தை வெல்டிங் செய்தவர் அந்தோணி அண்ணன். கேட் செய்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. பின்சீட்டின் முதுகுச் சாய்வில் திராட்சைக் கொடியும் சுருள் கம்பியும் வைத்துவிட்டார்.

"ஏனுங்க, பின்னாடி வர்றவன் பங்களா கேட்டுன்னு நெனச்சு காலிங் பெல்லைத் தேடப் போறான்" என்றார் அக்கா.

"தேடட்டும். அப்பவாச்சும் ஒரசாம வருவான்" என்றார் அண்ணன்.

எஞ்சினை எப்படி உட்கார வைப்பது என்பதில்தான் சண்டை. காரில் இருந்தபடியே வைத்தால் சைலன்சர் குழாய் அக்காவின் வலது காலுக்கு அருகே வந்தது. "போலியோக் காலுன்னா மரத்த காலுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. சுடுறது எனக்கு நல்லாவே தெரியும் தம்பி. எடுக்கத்தான் முடியாது" என்றார். அதனால் எஞ்சினையும் கியர்பெட்டியையும் சக்கரத்தையும் சேர்த்து முன்பின்னாகத் திருப்பி மாட்டினார்கள். குழாய் பின்னால் போய்விட்டது. கூடமாட உதவிய நானும் சேர்ந்து மூவரும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துத் திருப்திப்பட்டோம். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அடுத்த விஷயம் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வண்டியை எடுப்பது என்று முடிவு. அண்ணன் மாதா கோயில் தீர்த்தம் தெளித்தார். பக்கத்து வீட்டு அம்மா, அதெல்லாம் சரி, இதுவும் இருக்கட்டும் என்று மூன்று சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். தெருவே வாசலில் நின்றது. அக்கா முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி சர்ரென்று பின்னால் போய்த் துவைக்கிற கல்லில் மோதி நின்றது. எலுமிச்சம்பழங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன.

எஞ்சினைத் திருப்பினால் சக்கரம் சுற்றுகிற திசையும் திரும்பும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அக்கா கொஞ்ச நேரம் கியரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரிவர்ஸைப் போட்டார். வண்டி மெதுவாக முன்னால் வந்து பழங்களை நசுக்கியது.

"ஆண்டவர்கிட்ட ஒரு ரிவர்ஸ் கியர்தான் கேட்டேன். நாலு குடுத்துப்போட்டாரு" என்றார். "முன்னாடி போறதுக்கு ஒண்ணு, பின்னாடி போறதுக்கு நாலு. ஏனுங்க, இது சர்க்கார் வண்டிங்களா?"

அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. தெருவும் சிரித்தது. துவைகல்லுக்குச் சொந்தக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினைப் பழையபடி திருப்பி மாட்டினார்கள். சைலன்சர் குழாய்க்குச் சூடு தாங்கும் கயிறு சுற்றி, அதற்கும் காலுக்கும் நடுவே தகடு வைத்தார் அண்ணன். வண்டி ஓடியது. சந்துக்குள் வந்தது, லாரி எதிரே வந்தால் தானே பின்னால் போனது. யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்த மினி லாரிக்காரனைத் தேடிப் போய் அவன் எதிரே நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துக் காட்டியதாக அக்கா சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

பிறகு வால்பாறைக்குக் கிளம்பினோம். திராட்சைக் கொடியில் சாய்ந்தபடி பின்சீட்டில் நானும் அண்ணனும். பொள்ளாச்சி தாண்டி, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வண்டிக்குப் பதிவெண் இல்லை. பதிவு கேட்டு அக்கா முன்பே விண்ணப்பித்திருந்தார். இந்த மாதிரி வண்டிக்கு எங்களிடம் பிரிவே இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கம்மா" என்றார் அதிகாரி. "ஆனா விட முடியாதுங்க. உங்க பாதுகாப்புக்குத்தானுங்க. கொஞ்சம் எறங்கிக்கறீங்களா?"

"பாதுகாப்புன்னா பிரேக்கைப் பாருங்க சார். நீங்களே ஓட்டிப் பாருங்க. நிக்கலீன்னா நானே அறுத்து எடைக்குப் போட்டர்றேன்."

"அதெப்படிங்கம்மா ஓட்டறது? பதிவில்லாத வண்டிங்களே."

எங்கள் ஊரில் எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்வார்கள். வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, வண்டியைக் குடுங்க. கத்தினால் திருப்பிக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இழுவை வண்டி வந்தபோது அக்கா கியர்க் கம்பியின் தலையிலிருந்த குமிழைத் திருகிக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்குப் போன் செய்து, "இன்னிக்கு வரலீம்மா, வண்டியில சின்ன வேலை இருக்குது" என்றார். திரும்பி வரப் பஸ்தான். அண்ணன் தூக்கி ஏற்றினார். பொள்ளாச்சி வரை அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

ஸ்கூட்டரும் போய்விட்டது, வண்டியும் போய்விட்டது. அன்றுமுதல் வேலைக்கும் பஸ், வண்டி நிற்கிற போக்குவரத்து அலுவலகத்துக்கும் பஸ். அங்கே போய் அவர் கேட்டது ஒன்றுதான். பதிவு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், யாராவது ஒருவர் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்து, இது ஓடத் தகுதியானதா இல்லையா என்று சொல்லட்டும். தகுதியில்லை என்று சொன்னாலும் சரி. ஒவ்வொரு முறையும் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வண்டி வேப்பமரத்தடியில், மணல் லாரிகளுக்கு நடுவே நின்றது.

இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி பிறரையும் கொல்லும். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் ஓட்டிப் பாருங்கள் என்றார். பஸ்ஸின் படியை மட்டும் எந்த அதிகாரியும் பாதுகாப்பில்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பதிவெண் இருக்கிறது.

அடக்கத்துக்கு அக்காவின் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கல்லறையில் மண் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி அண்ணனிடம் கேட்டார்: "வண்டியில ஏத்தி மலை முழுக்கச் சுத்திக் காட்டுறேன்னு சொன்னாளே. அந்த வண்டி எங்கப்பா?"

அண்ணன் மறுவாரம் என்னைக் கூப்பிட்டார். அந்த வண்டியில்தான் அம்மாவை மலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்றார். அதுவரை அம்மா போத்தனூரில்தான் இருக்கிறார்.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். யாரும் உரிமை கோராத வண்டிகளோடு சேர்த்து அதையும் பழைய இரும்பாக ஏலம் விடப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

"வண்டி யார் பேர்லங்க இருக்குது?" என்று கேட்டார் மேஜையில் இருந்தவர்.

"யார் பேர்லயும் இல்லீங்க. பேர் போட்டுக் குடுங்கன்னுதான் பிலோமினா மொதல்லயே கேட்டுச்சு, நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார் அண்ணன்.

"அப்பறம் நாங்க யாருக்குங்க குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

அந்தோணி அண்ணன் சட்டைப் பையிலிருந்து கியர்க் குமிழை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று முதல் நான்கு வரை எண்கள், ஓரத்தில் ரிவர்ஸுக்கான எழுத்து. அந்த எழுத்து மட்டும் கை பட்டுத் தேய்ந்திருந்தது.

"இதை மாட்டிட்டு ஒருக்கா ஓட்டிப் பாருங்க சார்."

அவர் குமிழைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார்.

அக்காவைப் பற்றி என்னிடம் இருப்பது அதிகமில்லை. சேரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அவர் சொன்ன அந்த வாக்கியம் இருக்கிறது. பஸ் நிற்கும்போதெல்லாம் கீழ்ப்படி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. அண்ணன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டதால், அந்தக் கியர்க் குமிழும் என் பையில்தான் இருக்கிறது. ஏலத் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாவி அண்ணனிடம்.

உங்களில் யாராவது ஒருவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அதை ஓட்டிப் பாருங்கள்.