இடது முழங்கால்

ஆரூரனுடைய இடது முழங்காலில் எந்தக் குறையும் இருக்கவில்லை. குறை இருப்பதாக எழுதியவள் நான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல முடிவதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதுதான். நானும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதுவும் ஒருவகைக் கோழைத்தனந்தான்... அதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறேன்.

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் இலக்கியம் படிக்கிறேன். பெற்றோர் டோஸ்ட்ருப்பில். பதினான்கு வயதில் அங்கே ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் சேர்ந்தேன். விளையாடுவதற்காக அல்ல, புள்ளி எழுதும் மேசையில் உட்காருவதற்காக. அந்த மேசையில் எவரும் பேச வேண்டியதில்லை. உற்றுப் பார்த்தால் போதும், பிழையின்றி எழுதினால் போதும். எனக்காகவே செய்யப்பட்ட நாற்காலி என்று அப்போது நினைத்தேன்.

ஓல்போர்க்கிலும் அதே நாற்காலியைத் தேடிப்போனேன். அங்குள்ள கழகமொன்றின் பயிற்சியாளர் யென்ஸ், புள்ளித்தாளின் ஓரத்தில் நான் கிறுக்கியிருந்த குறிப்புகளை ஒருநாள் நின்று வாசித்தார். அடுத்த வாரமே வேறொரு வேலை தந்தார். கழகம் ஒப்பந்தம் செய்ய எண்ணும் ஆட்டக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து, ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். இவர் தொழில்முறை ஆட்டத்தில் தாக்குப்பிடிப்பாரா, மாட்டாரா? அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பக்கப் பதில்.

என் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரக்கம் கேட்பதற்காக அல்ல. இது இல்லாமல் மற்றது விளங்காது. மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் எல்லோருடைய அலமாரியிலும் பெயர் ஒட்டியிருக்கும். என்னுடையதில் இல்லை. ஒட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒட்டச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. பஸ் சாரதியிடம் சொன்ன நன்றியே அன்றைக்கு நான் பேசிய ஒரே சொல்லாக இருந்த நாள்கள் உண்டு. அப்படிப்பட்ட நாள்களில் யென்ஸிடமிருந்து ஒரு வரி வரும்: “கூர்மையான அறிக்கை.” அதை நான் நான்கைந்து முறை வாசிப்பேன்.

அந்த ஏப்ரலில் வந்ததுதான் ஆரூரனின் பெயர்.

டென்மார்க்கிலேயே, பிரெடெரிசியா நகரில் பிறந்து வளர்ந்த தமிழன். இரண்டு மீற்றரும் ஆறு சென்ரிமீற்றரும் உயரம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்துத் திரும்புகிறான். கூடைக்கு அருகே நின்று, தெறித்து வரும் பந்தைக் கைப்பற்றி, எதிரணியை உள்ளே விடாமல் தடுக்கும் பெரிய ஆட்டக்காரனின் இடம் அவனுடையது. எங்கள் கழகத்தில் அந்த இடம் ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. லற்வியாவைச் சேர்ந்த இன்னொருவனையும் யென்ஸ் மனத்தில் வைத்திருந்தார்.

பதினொரு ஆட்டங்கள் பார்த்தேன். விடுதி அறையில், யன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்க, ஒரு மாதம் முழுவதும் அவனோடுதான் இருந்தேன் என்று சொல்லலாம். பந்து வளையத்தில் மோதுவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் விழும் என்பதை அவனுடைய இடுப்பு அறிந்துவிடும். தன்னைவிடக் கனத்தவன் முதுகால் தள்ளும்போது ஓர் அடி விட்டுக்கொடுப்பான். பிறகு பாதத்தைக் குறுக்கே வைத்து, இழந்த இடத்தைச் சத்தமின்றி மீட்பான். இலவச எறிதலுக்கு முன் இடது காலுறையில் கையைத் துடைப்பான். தூரத்திலிருந்து எறியமாட்டான். களைத்தால் பின்னோக்கி ஓடுவதில் சற்றுத் தாமதிப்பான்... இவ்வளவுந்தான் அவனுடைய குறைகள். இவை எவரும் காணக்கூடிய குறைகள்.

“நல்லதை எல்லாரும் பார்க்கிறார்கள். மற்றவர்கள் காணாததை எனக்கு எழுது” என்று யென்ஸ் சொல்லியிருந்தார்.

நான் எழுதிய முதல் வரைவில் மற்றவர்கள் காணாதது எதுவுமில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவனைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். காலை பத்து மணி. பார்வையாளர் வரிசையில் இரண்டே பேர்: நான், ஆறு வரிசை தள்ளி ஒரு தமிழ்ப் பெண்மணி. மடியில் ஒரு டப்பாவும் தேநீர்க் குடுவையும் வைத்திருந்தார். சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என்னருகே வந்துவிட்டார்.

“பிள்ளை தமிழோ?”

“ஓம், அன்ரி.”

“எவடம்?”

“அம்மா அப்பா டோஸ்ட்ருப்பில. நான் இஞ்ச படிக்கிறன்.”

“தனியவோ இருக்கிறீர்? அதுதான் இப்பிடி எலும்பும் தோலுமா... இந்தாரும், ரோல்ஸ். காலமை நாலு மணிக்கு எழும்பிச் சுட்டது. உதில நிக்கிற நெட்டையன்தான் என்ர மகன்.”

நான் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மடியில் இருந்த குறிப்புக் கொப்பியைப் பைக்குள் வைத்தேன். அது முதல் பிழையா? இல்லை, அதற்கு முன்பே ஏதாவது இருந்ததா... எனக்குத் தெரியவில்லை.

கிழங்குக் கறியைச் சுருட்டிப் பொரித்த அந்த ரோல்ஸ் சூடு ஆறியிருந்தது. ஆனாலும் யாரோ ஒருவர் என் கையில் உணவு வைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நன்றியாக ஏதேனும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உண்மையையே சொன்னேன்.

“உங்கட மகன் வடிவா விளையாடுறார், அன்ரி. இவ்வளவு உயரமும் இவ்வளவு வேகமும் ஒண்டாக் கிடைக்காது. பெரிய ஆளா வருவார்.”

அவருடைய முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

“என்ன பெரிய ஆள்... வளந்தானே ஒழிய உடம்பில ஒண்டுமில்லைப் பிள்ளை. ரெண்டு முழங்காலும் ஒரே நோ. படி ஏறேலாது. விடிய எழும்பினாக் கிழவன் மாதிரி நொண்டுறான்.”

சொல்லி முடித்ததும் முகத்தை அப்பால் திருப்பி, உதட்டுக்குள்ளேயே மூன்று முறை ‘தூ’ என்றார்.

இடைவேளையில் ஆரூரன் எங்களிடம் ஏறி வந்தான். வியர்வை வழிய ஒரு ரோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து டேனிஷில் கேட்டான்: “அம்மா என் நோய்களையெல்லாம் வாசித்து முடித்துவிட்டாரா? அவர் சொல்வதைக் கேட்டால் நான் போன வருடமே செத்திருக்க வேண்டும்.”

டேனிஷ் அவருக்கும் விளங்கியது. “வாயைக் கழுவு, மூதேவி” என்றார் தாய்.

அவன் சிரித்தான். மூன்று படிகளை ஒரே பாய்ச்சலில் கடந்து இறங்கினான். இடது காலில் இறங்கினான். அதை நான் பார்த்தேன்.

என் பெயரை அவன் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையை யாராவது புகழ்ந்தால், நம் தாய்மார் உடனே அந்தப் பிள்ளையின்மீது ஒரு குறையைப் போட்டு மூடிவிடுவார்கள், கண்ணூறு படாமலிருப்பதற்காக. என் பரீட்சைப் பெறுபேறுகளை எவரேனும் மெச்சினால் என் அம்மா சொல்வார்: “என்ன படிப்பு, ஒரே தலையிடி, கண்ணும் தெரியாது.” எனக்குத் தலையிடி வந்ததேயில்லை. கண்ணாடியும் போட்டதில்லை. இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

மறுநாள் மதியம், பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, வரைவின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்:

‘பாய்ந்து தரையிறங்கும்போது எடையை வலது காலுக்கு மாற்றும் போக்கு தென்படுகிறது, இடது முழங்காலில் நாட்பட்ட உபாதை இருக்கக்கூடும்.’

தாய் இரண்டு முழங்காலையும் சொன்னார். நான் ஏன் இடதை மட்டும் எழுதினேன்? ‘இரண்டும்’ என்றால் எங்கோ கேள்விப்பட்டதுபோல் ஒலிக்கும். ‘இடது’ என்றால் உற்றுப் பார்த்ததுபோல் ஒலிக்கும். துல்லியமாகச் சொன்னால் நம்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் படிப்பதே அதைத்தானே!

ஏன் எழுதினேன்? இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். யென்ஸின் அந்த ஒரு வரிக்காகவா? அவன் என் பெயரைக் கேட்காததற்காகவா? ஒரு மாதம் அவனுடைய ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்தவளை, தாயின் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணாக அவன் கடந்துபோனதற்காகவா? ஒவ்வொரு பதிலும் பாதி உண்மையாக இருக்கிறது. பாதி உண்மைகளைக் கூட்டினால் முழு உண்மை வருவதில்லை.

யென்ஸ் காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தார். “நீ சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிகிறது” என்றார். அங்கே இல்லாத ஒன்றை அவர் கண்டார்... அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அவர் என் தோளைத் தட்டினார். நான் புன்னகைத்தேன்.

மருத்துவப் பரிசோதனை வரைக்கும் கதை போகவில்லை. இருவரில் ஒருவரைத் தேர்வது எளிதாகிவிட்டது. இடம் லற்வியனுக்குப் போனது. ஆரூரனுக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் போனது. அதில் காரணம் இல்லை. டென்மார்க்கில் இந்த ஆட்டத்தின் உலகம் மிகச் சிறியது. பிற கழகத்தார் யென்ஸிடம் விசாரித்தபோது, அவர் நல்லெண்ணத்தோடு ‘முழங்கால்’ என்றார். என் முன்னிலையிலேயே, தொலைபேசியில், ஒருமுறை அப்படிச் சொன்னார். என் முன்னிலையில் அல்லாமல் எத்தனை முறை என்று நான் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு ஆவணியில், டோஸ்ட்ருப்பில் உறவுக்காரத் திருமணம் ஒன்று. சாப்பாட்டு மேசையில் என் அம்மாவுக்கு எதிரே, பட்டுச்சேலையில், ஆரூரனின் தாய்!

“உவவை எனக்குத் தெரியுமே. ஓல்போர்க்கில என்னோட இருந்து ரோல்ஸ் சாப்பிட்ட பிள்ளை. உங்கட மகளோ? நல்ல அமைதியான பிள்ளை.”

“என்ன அமைதி? ஊமைக்கோட்டான். சமைக்கத் தெரியாது, ஆக்களோட கதைக்கத் தெரியாது, எந்த நேரமும் தலையிடி” என்றார் அம்மா.

“அது பரவாயில்லை. என்ர எருமைக்கு ரெண்டு முழங்காலும்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “இப்ப அப்பிடிச் சொல்லவும் மனம் வருகுதில்லை. பிரெடெரிசியாவில ஒரு கிடங்கில வேலை செய்யிறான். மேல்தட்டில பெட்டி எடுக்க அவனுக்கு ஏணி தேவையில்லையாம், அங்க அது பெரிய பகிடி. பந்தைத் தொடுறேல்லை. ஒரு கழகமும் கூப்பிடேல்லைப் பிள்ளை. எங்க பிழை விட்டனான் எண்டு என்னைத்தான் கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? ஆரின்ரயோ கண் பட்டிட்டுது.”

அம்மா ஆமோதித்துத் தலையசைத்தார். நான் இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் என் கையைப் பிடித்தார். “நீர் அங்கதானே படிக்கிறீர். அந்தப் பயிற்சியாளரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன், என்ன குறை கண்டவை எண்டு. தெரிஞ்சால் அவன் அதைத் திருத்துவான். தெரியாமத்தான் இப்பிடி உடைஞ்சுபோய் இருக்கிறான்.”

“ஓம், அன்ரி. கேக்கிறன்.”

என் தொலைபேசி இலக்கத்தை அம்மாவே அவருக்கு எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: உண்மையைச் சொன்னால், தன் மகனைக் காக்கச் சொன்ன வார்த்தையே அவனை விழுத்தியது என்பதை அந்தத் தாய் அறிவார். சொல்லாவிட்டால், இல்லாத ஒரு குறையை அந்த மகன் தன் உடம்பில் தேடிக்கொண்டே இருப்பான். இரண்டில் எது குறைந்த கொடுமை என்று நான் யோசிப்பதாக உங்களிடம் சொல்லலாம். அது அழகாக இருக்கும். ஆனால் நான் யோசிப்பது அதுவல்ல. சொன்னால் என் நாற்காலி போய்விடும் என்பதையே யோசிக்கிறேன்.

இன்றும் அறிக்கைகள் எழுதுகிறேன். நேற்று ஒரு பிரெஞ்சுக்காரனைப் பற்றி எழுதி முடித்தேன். “உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்று யென்ஸ் பதில் போட்டிருக்கிறார். அதை ஒருமுறைதான் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரூரனின் தாயிடமிருந்து குறுஞ்செய்தி வரும். முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். அடுத்த வரியில், கேட்டீரா பிள்ளை என்று கேட்பார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. செய்தி வந்து இரண்டு மணி நேரமாகிறது.

சாப்பிட்டேன், அன்ரி, என்று எழுதினேன். அவர் விடுமுறையில் நிற்கிறார், வந்ததும் கேட்கிறேன், என்று எழுதினேன்.

யென்ஸ் விடுமுறையில் இல்லை. நான் இன்னும் சாப்பிடவுமில்லை.