வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம்

முதலில் சுருங்கியது என் கையெழுத்து.

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. ஒவ்வொரு பம்பையும் தண்ணீர்த் தொட்டியோடு பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி, அதன் கழுத்தில் கட்டி அனுப்ப வேண்டும். ஏழு வருடம் எழுதிய கை. ஒரு நாள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு கத்தை அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள்.

"ஏனுங்க, எறும்பு ஊர்ந்தாப்புல இருக்குதுங்க. இதை ஆரு படிக்கறதுங்க?" என்றார் சூப்பர்வைசர். நானும் சிரித்தேன். வாங்கித் திருப்பி எழுதினேன். இரண்டாவது வரியிலேயே எழுத்து மறுபடியும் சிறுத்துப் போனது.

பிறகு நாக்கு தடித்தது. போனில் பேசினால் மறுமுனையில் இருப்பவர் "சொல்லுங்க, கேக்கலைங்க" என்றார். காலையில் தலையணை உறை எச்சிலில் நனைந்திருந்தது. காரமடையில் டயர் கடை வைத்திருக்கும் என் கணவர், நான் டம்ளரைக் கொடுக்கும்போது தானே கையை நீட்டி அடியில் தாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். எப்போது ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை.

ஒரு மருத்துவர் ரத்தசோகை என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பம்பின் பக்கத்திலேயே தூங்கி விழுந்ததுதான் மிச்சம்.

சத்தியமங்கலத்துப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு இது உடம்புச் சூடு. ஒரு செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்தார். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டும். ஊரே இப்போது அப்படித்தான் குடிக்கிறது. எட்டு மாதம் குடித்தேன். ஒரு நாள் தவறினால்கூட அம்மா போனில் கேட்டுவிடுவார்.

கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண். என்னை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், பிறகு எதிரே இருந்த கண் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு கருவியில் தாடையை வைத்து வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு வளையம் இருந்ததாம். இருபத்தொன்பது வருடம் கண்ணாடி பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

வில்சன் நோய் என்றார் மருத்துவர். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமந்து செல்லும் புரதம்) மிகவும் குறைவு. ஒரு நாள் முழுவதும் கேனில் பிடித்துக் கொடுத்த சிறுநீரில் செம்பு அளவுக்கு மீறி இருந்தது.

"பம்ப் கம்பெனியில வேலைங்களா? அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்ங்க" என்று ஒரு தாளில் கல்லீரலை வரைந்தார். நாம் தின்னும் எல்லாவற்றிலும் துளித்துளி செம்பு இருக்கிறது. உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும். மிச்சத்தைக் கல்லீரலில் இருக்கும் ஒரு புரதம் பித்தநீருக்குள் தள்ளி வெளியேற்றிவிடும். அந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்திருக்கும் மரபணுவுக்கு (பெற்றோரிடமிருந்து வரும் உடம்பின் குறிப்பு) ஏடிபி7பி என்று பெயர். எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று நன்றாக இருந்தாலே போதும். எனக்கு இரண்டும் பழுது.

எனக்குப் புரிந்தது. மோட்டார் சுற்றும், சத்தமும் வரும், தண்ணீர் மட்டும் தள்ளாது. அப்படிப்பட்ட பம்புகளைத்தான் ஏழு வருடமாகக் கழித்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த நாளிலிருந்து சேர்ந்த செம்பு முதலில் கல்லீரலை நிறைத்து, வழிந்து மூளைக்குப் போயிருந்தது. எட்டாவது படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சரியானதாக எல்லோரும் நம்பினோம். அதுவும் இதுதானாம்.

முடிவு கேட்க அப்பாவும் அம்மாவும் கூட வந்திருந்தார்கள். அம்மா மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கொடத்துத் தண்ணிதாங்களா?"

"இல்லீங்கம்மா. இது பொறக்கறப்பவே வந்தது. ஆனா அந்தக் கொடம் இனி வேண்டாம்ங்க."

குடம் பரண் ஏறியது. மருத்துவர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அது குடத்தால் வந்ததில்லை என்று அம்மா இன்றுவரை நம்பவில்லை. நானும் சில நாள் அந்த எட்டு மாதத்தை நினைத்து அவர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அது நியாயமில்லை என்று தெரியும்.

அன்று கிளம்பும்போது மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். அப்பாவும் அம்மாவும் சொந்தமா? ஆமாம், அம்மா கட்டிக்கொண்டது தன் அத்தை மகனைத்தான். கூடப்பிறந்தவர்கள்? ஒரு தம்பி, கார்த்தி, என்னைவிட மூன்று வயது சின்னவன். "அவருக்கும் நாலுல ஒரு பங்கு இருக்க வாய்ப்பு இருக்குதுங்க. நல்லா இருக்காருன்னு உட்றாதீங்க. இப்பவே கண்டுபிடிச்சா மாத்திரையிலேயே நிறுத்திப்போடலாம். கை நடுங்குன பொறகு வந்தா, போனதெல்லாம் திரும்பி வராதுங்க."

கார்த்திக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

காரில் திரும்பும்போதே அம்மா சொல்லிவிட்டார். "கல்யாணம் முடியட்டும் கண்ணு. பொண்ணு ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா என்ன நெனப்பாங்க?" அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று மாதம் நானும் வாயைத் திறக்கவில்லை.

திறக்கவும் முடியவில்லை. பெனிசிலமின் (உடம்பில் தேங்கிய செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து) ஆரம்பித்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சிலருக்கு முதலில் நோய் அதிகமாகும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. தேங்கிய செம்பு கிளம்பிப் போகிற வழியில் இன்னும் கொஞ்சம் இடித்துவிட்டுப் போகும் போல. ஆனியில் ஸ்பூன் பிடிக்க முடியாமல் போனது. ஆடியில் என் பெயரை நானே சொன்னால் எனக்கே புரியவில்லை. சேலை கட்டிவிட கணவரின் அக்கா வந்தார். மருந்தைக் குறைத்தார்கள், மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இந்த நிலையில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரையால்தான் எல்லாம் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நான் இரண்டு முறை நிறுத்தப் பார்த்தேன். இரண்டு முறையும் கணவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பயத்தைவிட அலுப்புதான் அதிகம். செத்துப்போவேன் என்று நினைத்த நாட்கள் குறைவு. இப்படியே இருந்துவிடுவேனோ என்று நினைத்த நாட்கள்தான் அதிகம்.

ஆவணி பிறந்ததும் கூறைச் சேலை எடுத்து வந்து எனக்குக் காட்டினார்கள். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அலங்காரம் செய்துகொண்டு மேடையில் அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், இன்னொன்று இவள் கையில். சீர்களைச் செய்து வைக்கும் அருமைக்காரர் சடங்கை நடத்துவார். வேறொருத்தி வந்தாலும் உன்னை விடமாட்டேன், நாளைக்கு உன் பிள்ளையும் என் பிள்ளையும் கட்டிக்கொள்ளட்டும் என்று கூடப்பிறந்தவளுக்கு அண்ணனோ தம்பியோ கொடுக்கும் வாக்கு அது என்பார்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தது அப்படி ஒரு வாக்கில்தான்.

கார்த்தி அன்று வெளியில் நின்று யாரோ ஒருவருக்குப் பத்திரிகையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். கதவு வழியாக அவன் கை தெரிந்தது. எழுதி முடித்ததும் விரலை உதறிக்கொண்டான். சும்மா உதறியிருப்பான். நான் சேலையைத் தள்ளி வைத்தேன்.

"அவன் ரத்தம் குடுக்காம நான் இந்தச் சேலையைப் புடிக்க மாட்டேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். "கூடப்பொறந்த அக்கா குத்துக்கல்லாட்ட இருக்கீல நீ நிக்கலீன்னா சனம் என்ன பேசும்? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா அம்மணி?"

"பேசட்டும்."

"பெரியப்பன் மவள நிக்க வெச்சுக்கறோம். நீ ஊட்லயே இரு."

கார்த்தி வாசற்படியில் வந்து நின்றான். என்ன ரத்தம் என்று கேட்டான். மூன்று மாதமாக அவனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னதை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். என் உதட்டோரம் வழிந்த எச்சிலைத் தன் துண்டால் துடைத்தான். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா நிக்கலீன்னா நானும் நிக்கலீங்கம்மா" என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவனே தனியாகப் போனான். முடிவு வரும்வரை என்னோடு பேசவில்லை. முன்னாலேயே சொல்லாததற்காக அந்தக் கோபம் என்று நினைக்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முடிவு வந்தது. அவனுக்கும் இருந்தது. கண்ணில் வளையம் இல்லை, நடுக்கம் இல்லை. கல்லீரல் மட்டும் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம் என்று மருத்துவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அங்கேயே அழுதேன், வருத்தம் எது நிம்மதி எது என்று பிரிக்கத் தெரியாமல்.

பெண் வீட்டுக்கு அவனே போன் செய்து சொன்னான். பெண்ணின் அப்பா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார். அடுத்து புரட்டாசி, முகூர்த்தம் இல்லை. ஊர் வேண்டியதைப் பேசியது. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நின்றுபோய்விட்டது என்றே நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மருத்துவரைத் தானே போய்ப் பார்த்ததாகவும், தன் ரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு என்னிடம், "மாத்திரை எத்தனை வேளைங்க அண்ணி?" என்று கேட்டாள். அண்ணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவளுக்கு இந்தப் பழுது இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஐப்பசியில் மேடை ஏறினேன். சேலைத் தலைப்பைப் பிடித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் ஜரிகையில் ஏறி மண்டபத்துக்கே தெரிந்தது. கார்த்தி நேராகப் பார்த்தபடியே தன் பக்கத்துத் தலைப்பை மெல்ல இழுத்துப் பிடித்தான். சேலை விறைத்து நின்றது. நடுக்கம் வெளியே தெரியவில்லை. உன் பிள்ளையும் என் பிள்ளையும் என்ற வாக்கை மட்டும் நாங்கள் இருவரும் மனதுக்குள் கொடுத்துக்கொள்ளவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை, இனித் திரும்பாது. கம்பெனியில் இப்போது மீட்டரைப் பார்த்து நான் சொல்கிறேன், இன்னொரு பெண் எழுதுகிறாள். ஈரல், நண்டு, காளான், முந்திரி, எள்ளுருண்டை எல்லாம் விலக்கு. என் உடம்பு எனக்கு இப்போது தினமும் ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டிய பொருள். இன்றைக்குத் தேறியது என்பது நாளைக்குச் செல்லாது.

நேரமும் மாறிவிட்டது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது. ஆயுள் முழுக்க. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாச்சுங்களா என்றுதான் கேட்பார்கள். கார்த்தி காலை ஐந்தரைக்குப் போன் செய்து, "அக்கா, இன்னும் சாப்பிடலையே?" என்று கேட்கிறான். இல்லை என்கிறேன். அவனும் இல்லை என்கிறான். இரண்டு பேரும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம்.

ஒன்று மட்டும் அவனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மாதம் பிறந்தால் ஒரு வரி, பேனாவில், வெள்ளைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் முதலில் படிப்பதில்லை. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் பார்ப்பேன். இந்த மாதம் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கோணல்மாணலாக, ஒரே அளவில், பெரிது பெரிதாக எழுதியிருந்தான்: அவசரப்பட்டுத் தின்னுபோடாதே அக்கா, இன்னும் பத்து நிமிஷம் இருக்குது.