உலை கொதிக்குமுன் அடித்த மணி

நேற்று மாலை பள்ளி வாசலில் தண்ணீர் லாரி ஒன்று என் மகளின் சைக்கிளை உரசிவிட்டுப் போனது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான்தான் இரவில் நாலு முறை எழுந்து அவளைத் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஊருக்குள்ளேயே படிப்பாள், பெரிய சாலையைத் தாண்டவேண்டாம் என்பது ஒன்றே ஆறுதல். அதற்கு என் அத்தைக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரைதான். அதற்கு மேல் படிக்க ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையையும் தண்டவாளத்தையும் தாண்டித் தாம்பரம் போகவேண்டும். எட்டில் படித்த அக்காவிடம் அப்பா சொல்லிவிட்டார்: "உன்னை அந்த ரோட்டைத் தாண்ட வுட்டுட்டு, தினம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்க என்னால முடியாது. எட்டோட போதும்." அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவை நான் கல்நெஞ்சர் என்று நினைத்தேன். அந்த நெருப்பு என்னவென்று நேற்றுத்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில், பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடித்தார், மாவிலைத் தோரணம் கட்டினார். மரத்தடியில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் 'இடமில்லை' என்று எழுதிவிடுவாரோ என்று பயம். அறை இல்லாத வகுப்புகளை எல்லாம் காலையிலேயே ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டார். ஆறாம் வகுப்பில் இருந்த நானும் போனேன். "சோத்து மணி அடிச்சாதான் வரணும், தெரிஞ்சுதா?" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பள்ளியில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். எட்டாம் வகுப்பு ஜன்னலோரம் நின்று அதிகாரி கேட்டாராம்: "இன்னா சார், மொத்தமே இவ்ளோ பசங்கதானா? இதுக்கு எதுக்கு ஹைஸ்கூல்?"

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் சத்துணவுக் கூடம். அங்கே சமைத்தவள் அத்தை. சாப்பாட்டு மணி அடிப்பதும் அவள் வேலைதான்.

ஏரிக்கரையில் எங்களுக்கு மணி கேட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு புழுதி பறக்க ஓடிவந்தோம். படியிறங்கிய அதிகாரியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் முண்டியடித்தோம். அவர் சிரித்துவிட்டார். "இத்தினி பேரையும் எங்க சார் ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

அடுப்பைப் பார்த்தால், உலையில் அரிசியே போடவில்லை.

"இன்னா அத்தை, சோறு எங்க?" என்று கத்தினேன்.

"மணி தப்பாப் பாத்துட்டேன்டி. போய் உக்காரு."

அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு வந்தது. முதல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். பின்னாளில் பள்ளி பன்னிரண்டுவரை வளர்ந்தது. மணி பார்க்கத் தெரியாத அத்தை என்று வெகுநாள் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் என் தலையில் ஓங்கிக் குட்டுவாள். எதற்குக் குட்டுகிறாள் என்று அப்போது எனக்குப் புரிந்ததே இல்லை.