வெள்ளையாகவே இருந்த சோடா லைம்

1. திங்கட்கிழமை

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம் கேட்டது. சன்னமான, விடாத சீறல். அனஸ்தீசியா மெஷினிலிருந்து வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஆக்ஸிஜன் ஃப்ளோமீட்டரின் கண்ணாடிக் குழாயில் மிதவை பத்து லிட்டரில் நின்று ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி கேஸ் முடிந்து அந்த மெஷினை மூடியது நான்தான். மானிட்டரை அணைத்தேன். வென்டிலேட்டரை அணைத்தேன். மூச்சுப் பையைக் கழற்றிக் கழுவப் போட்டேன். கொட்டாரத்தில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஆக்ஸிஜன் திருகை மூட மறந்துவிட்டேன். சனி மத்தியானத்திலிருந்து திங்கள் காலைவரை நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓடியிருக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் அனஸ்தீசியா டெக்னீஷியனாக இருந்தவன் நான். இந்த வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன். அன்று காலை நான் செய்தது இவ்வளவுதான்: திருகை மூடினேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மெஷினின் பக்கவாட்டில் கேனிஸ்டர் இருக்கும். கண்ணாடி டப்பா மாதிரி. உள்ளே சோடா லைம், வெள்ளைக் குருணை. நோயாளி விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை அது பிடித்துக்கொள்ளும், மிச்சக் காற்று மறுபடியும் நோயாளிக்கே போகும். வேலை செய்து தீர்ந்துபோன குருணை ஊதா நிறமாகிவிடும். அப்போது மாற்ற வேண்டும். அன்றைக்கு அது சுத்த வெள்ளையாக இருந்தது.

ஆனால் அந்த நிறம் சொல்வது ஒரு விஷயத்தை மட்டும்தான். குருணைக்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. நல்ல சோடா லைமில் நூறு கிராமுக்குப் பதினைந்து கிராம்போல ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த ஆக்ஸிஜன் ஒன்றரை நாளுக்கு மேல் அதன் வழியாக ஓடினால் அந்த ஈரம் போய்விடும். காய்ந்த குருணைமேல் மயக்க மருந்தின் ஆவி பட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். வெளிநாட்டில் எங்கோ நடப்பது என்று நினைத்திருந்தேன்.

கேனிஸ்டரை மாற்றப் பத்து நிமிடம் போதும். மாற்றினால் காற்று கசிகிறதா என்று லீக் டெஸ்ட் திரும்பச் செய்ய வேண்டும், டாக்டர் ஏன் என்று கேட்பார், காரணம் சொல்ல வேண்டும். அதற்குள் சர்ஜன் எட்டிப் பார்த்தார்.

“என்ன மக்கா, இன்னும் கேஸ உள்ள எடுக்கலியா? ஒரு மணிக்கு எனக்கு வடசேரியில ஓபி கெடக்கு.”

“எடுத்துரலாம் சார், மெஷின் ரெடி” என்றேன்.

2. கேஸ்

நோயாளி பெயர் அந்தோணி. குளச்சல்காரர், நாற்பத்தாறு வயது. வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர். முதுகில் டிஸ்க் பிதுங்கி, வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“அண்ணே, இடையில முழிப்பு வந்துராதே?”

“வராது. நாங்க பக்கத்துலதான் நிப்போம்.”

அனஸ்தீசியா கொடுத்தவர் ஷீலா டாக்டர். நிதானமானவர், எங்களைத் திட்டாதவர். டெஸ்ஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார். அது இருபத்துமூன்று டிகிரியிலேயே கொதிக்கும் மருந்து, நம்மூர் வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் தானே ஆவியாகிப் போய்விடும். அதனால் அதற்கென்று தனியாகச் சூடாக்கும் வேப்பரைசர் உண்டு. விலை கூடிய மருந்து என்பதால் புதுக் காற்றைக் குறைத்து, பழைய காற்றையே சுற்றவிட்டுக் கொடுப்பார்கள். முறைப்படி அது சரிதான். ஆனால் அன்றைக்கு அந்தச் சுற்றுக்குள் உண்டாகும் எதுவும் வெளியே போக வழியில்லாமல் ஆயிற்று.

அரை மணி நேரம் கழிந்து கேனிஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன். வழக்கமாக இளஞ்சூடாக இருக்கும், உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருக்கும். அன்று சுட்டது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“மேடம், கேனிஸ்டர் ரொம்பச் சூடா இருக்கு” என்றேன்.

அவர் மானிட்டரைப் பார்த்தார். “சூடா இருந்தாத்தானே அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், ராஜன்? சிஓடூ நல்லா இருக்கு. சாச்சுரேஷன் தொண்ணூத்தொம்பது.”

அவர் சொன்னதில் தவறில்லை. ஆக்ஸிஜன் ஒன்றரை நாளாக ஓடியது அவருக்குத் தெரியாது. நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த நொடியே கேனிஸ்டரைக் கழற்றச் சொல்லியிருப்பார். என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோம் என்று சமாதானப்பட்டுக்கொண்டேன்.

அந்தத் தொண்ணூற்றொன்பதைக் காட்டியது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அது இரண்டு விதமான ஒளியை ரத்தத்துக்குள் அனுப்பி நிறத்தை அளக்கும். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒரே சிவப்பு. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. திரையில் எண் மட்டும் அசையாமல் நிற்கும்.

சர்ஜன் கூட ஒரு தடவை சொன்னார். “ரத்தம் நல்ல செவப்பு, கொள்ளாம்.”

மூன்றரை மணி நேரம் நடந்தது. அந்தோணி கண் திறக்க வெகு நேரமாயிற்று. திறந்ததும் வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு “தல பொளக்குது, தல பொளக்குது” என்றார். மருந்தின் மிச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரை ரெக்கவரியில் விட்டுவிட்டு வந்து, அடுத்த கேஸுக்கு முன்னால் கேனிஸ்டரைக் கழற்றிக் குப்பைப் பையில் தட்டினேன். ஜல்லி கொட்டுவது போலச் சத்தம் வந்தது. வெள்ளைத் தூசி பறந்தது. பையைக் கட்டி நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

3. தையல் பிரிக்க வந்த நாள்

பன்னிரண்டாம் நாள் அவர் நடந்து வந்தார். கையில் பனையோலைப் பெட்டியில் பாரை மீன், ஷீலா டாக்டருக்கு. மனைவி ஸ்டெல்லாவும் தம்பி சூசையும் கூட வந்திருந்தார்கள். வரிசையில் காத்திருந்தபோது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

கரை மறையும் தூரத்தில் மீன் கிடக்கும் கடலடிப் பாறையை, அவர்கள் சொல்லும் ‘பாரு’வை, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“கணியம் பாத்துத்தான் அண்ணே. கோயில் கோபுரமும் பொறத்த உள்ள மலையும் ஒண்ணுக்கு ஒண்ணு நேர் வரணும். மேக்க பாத்தா வேற ரெண்டு அடையாளம். ரெண்டு கணியமும் கூடுத எடத்துல நங்கூரம் போட்டா கீழ பாரு கெடக்கும். எனக்க மண்டைக்குள்ள நாப்பது பாருக்குக் கணியம் கெடக்கு.”

“ஜிபிஎஸ் இருக்கே?” என்றேன்.

சூசை சிரித்தான். “அண்ணன் இருக்கும்போ எங்களுக்கு எதுக்கு ஜிபிஎஸ்?”

நான் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஆள் பிழைத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை, இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய சிலருக்கு முதலில் எல்லாம் சரியாகிவிடும். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் மூளை கெட ஆரம்பிக்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

4. ஸ்டெல்லா கொண்டுவந்த சீட்டு

ஒன்றரை மாதம் கழிந்து ஸ்டெல்லா மட்டும் வந்தார். ஆபரேஷன் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு ரெக்கார்ட் ரூமில் நின்றார். மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவியளுக்கு ஒண்ணும் ஓர்மை இல்ல அண்ணே. நடக்கச் சொன்னா நிக்காவ, நிக்கச் சொன்னா நடக்காவ. இருந்த இருப்புல மூத்திரம் போவுது. என்னப் பாத்து ‘நீ யாரு’ன்னு கேட்டாவ.”

திருவனந்தபுரத்தில் நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“பொகை அடைச்ச எடத்துல வல்லதும் கெடந்தாரான்னு கேட்டாவ. வீட்டுல எங்க அண்ணே பொகை? பொறவுதான் ஓர்மை வந்தது. தையல் பிரிச்ச மறுநாளு சூசை அவியள வள்ளத்துல கூட்டிட்டுப் போனான், சும்மா இரிக்கட்டுன்னு. இஞ்சின் கிட்ட படுக்கப் போட்டிருக்கான், பாவி. ஒருநாள் முழுக்க. டாக்டர் மூணு மாசம் கடலுக்குப் போவப்பிடாதுன்னு சொன்னாருல்லியா? எனக்க குடும்பத்தையே கெடுத்துட்டான். எங்க மொகத்துல முழிக்காதேன்னு வெரட்டி விட்டாச்சு.”

திறந்த கடல், காற்று அடிக்கும் வள்ளம். ஒரு நாள் இஞ்சின் புகையில் ஒரு மனுஷன் இப்படி ஆகமாட்டான். எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கு நகலை வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஷீலா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கேனிஸ்டர் சூடா இருக்குன்னு சொன்னீங்களே... ஆக்ஸிஜன் ஓடுனத ஏன் சொல்லல ராஜன்?”

“பயந்துட்டேன் மேடம்.”

“எங்கிட்டயா?”

அவர் நிர்வாகத்திடம் போனார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா? இல்ல. அந்த சோடா லைம் இருக்கா? இல்ல. வள்ளத்து இஞ்சின் பொகைன்னு அந்தக் குடும்பமே சொல்லுது. நீங்க எதுக்கு எடையில போய் மாட்டுதீங்க? ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆவப் போறீங்க.”

ஷீலா டாக்டர் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனார். நான் இருந்தேன். தினமும் அதே மெஷினைத் திறந்தேன், மூடினேன். வாரக் கடைசியில் கேனிஸ்டரை மாற்றி, தேதி எழுதி ஒட்டினேன்.

5. குளச்சல்

ஓய்வு பெற்ற மறுவாரம் குளச்சலுக்குப் போனேன். அந்தோணி முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். விழாமலிருக்க இடுப்பைச் சுற்றிச் சேலைத்துணியால் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்ப்பது போல.

ஸ்டெல்லாவிடம் முதலிலிருந்து சொன்னேன். திருகு, ஒன்றரை நாள், குருணை, சூடு, நான் மூடிக்கொண்ட வாய். ரசாயனம் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் உடனே புரிந்தது.

“அப்போ சூசை செய்யல்லியா?”

“இல்லம்மா. சூசை ஒண்ணும் செய்யல. நான்தான்.”

அவர் போனை எடுத்து நம்பரைத் தேடினார். சூசை மங்களூர்ப் பக்கம் யாருடைய போட்டிலோ வேலைக்கு இருந்தான். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. மூன்றாவது தடவைதான் எடுத்தான். ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார். “இவங்கிட்டயும் சொல்லும்” என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் இஞ்சின் சத்தமும் காற்றும் மட்டும் கேட்டது. பிறகு சூசை பேசினான்.

“மதினி, அண்ணனுக்க காதுல போன வையும்.”

வைத்தார்.

“அண்ணே, நான் சூசையாக்கும். கேக்குதா? நான் இல்லண்ணே. நான் ஒண்ணும் செய்யல்ல அண்ணே.”

அந்தோணி போனைப் பார்த்தார். அதைப் பிடுங்கி வாயில் வைக்கப் போனார். ஸ்டெல்லா மெதுவாக வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். புகார் போனது, விசாரணையும் நடந்தது. நான் எழுதியதை உறுதிப்படுத்த ஆதாரம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஆதாரத்தைக் குப்பையில் போட்டவனே நான் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை.

பிள்ளைகளே, கேனிஸ்டரில் தேதி எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். வாரக் கடைசியில் எல்லாத் திருகையும் கையால் தொட்டு மூடுங்கள். காற்று ஓடிக் கிடந்தது தெரிந்தால் குருணையைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. தப்பு செய்த அந்த நிமிடத்தில், பக்கத்தில் நிற்கிறவரிடம் முழுசாகச் சொல்லிவிடுங்கள். நாளை என்று தள்ளினால் அது அப்புறம் வேறு யார் தலையிலாவது போய் விழும். நான் இதைக் கற்றபோது அது யாருக்கும் உதவாத பாடமாகிவிட்டது.

அன்று குளச்சலில் கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தார்.

“அண்ணைக்கே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?”

உடனே சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து, மணிக்கணக்கில் வைத்திருந்து, அழுத்தம் கூட்டி ஆக்ஸிஜன் ஏற்றும் அறை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் வாய்ப்பு இருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

“காப்பாத்தியிருக்கலாம்மா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.