சந்தனத்திலும் தண்ணீர் உண்டு

1. திங்கட்கிழமை காலை

கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் பார்த்தேன். மேசை மேல் அஞ்சலை அக்கா கொடுத்த பழைய புகைப்படம் சுருண்டு கிடந்தது.

சனிக்கிழமை காலையில்தான் அதை ஸ்கேன் எடுத்தோம். மதியம் தட்டையாக வைத்து, மேலே மெல்லிய தாள் போட்டு மூடி, குளிருக்கு ஏர்கோனை ஓடவிட்டு அறையைப் பூட்டினோம். இப்போது தாளைத் தூக்கினால் படமும் கூடவே வருகிறது. சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக, மீன் ஆய்ந்த பலகை மாதிரி இருந்தது. எது முகம், எது சட்டை என்று தெரியவில்லை.

"முருகா" என்றேன். 

எங்கள் நூலகப் பிரிவின் தலைவி புவான் ரொஹானா பின்னாலேயே வந்தார். புவான் என்றால் மலாயில் 'மேடம்' மாதிரி. அவர் பேசியதும் மலாயில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"முத்து, தொடாதே! அப்படியே விடு!" என்றார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் குளிர்தான் காரணமா இருக்கும். வருஷக்கணக்கா ஈரத்திலேயே இருந்த படம். இங்க கொண்டாந்து திடீர்னு காய வச்சுட்டோம். மேல் தோல் வெடிச்சிருச்சு."

குளிர் அறை இருந்தால் படத்துக்கு நல்லது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். பூஞ்சை பிடித்த படத்தை மெல்ல மெல்லப் பழக்கவேண்டும் என்று கோலாலம்பூரில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

"ஸ்கேன் இருக்குல்ல?" என்றார் புவான்.

"இருக்கு."

"அப்ப படம் எங்கயும் போகலை முத்து. இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

2. பெம்பான்

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். மலாக்கா டவுனில் ஒரு நூலகத்தில் உதவியாளர் வேலை. புத்தகம் அடுக்குவேன், வேன் ஓட்டுவேன், எந்தப் பெட்டியைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆபிசுக்கு ஒரு ஸ்கேனர் வந்தது. எல்லார் வாயிலும் இண்டர்நெட் பேச்சு. பழைய மலாக்காவின் படங்களையெல்லாம் சேர்த்து ஹோம்பேஜில் போடவேண்டும், உலகத்தில் எங்கே இருப்பவனும் பார்க்கவேண்டும் என்று மேலிடத்தில் உத்தரவு. என்னையும் ஸ்கேனரில் பழக்கினார்கள்.

ஆறு, பாபா சீனர்களின் வீடு, தேவாலயம், பள்ளிவாசல், மாட்டு வண்டி எல்லாம் வந்து சேர்ந்தன. ரப்பர் தோட்டத்துப் படம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"உங்க ஆளுங்ககிட்ட இல்லாமலா இருக்கும்? நீ போய்க் கேளு முத்து," என்றார் புவான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் அப்பா சிம்பாங் அம்பாட் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். நம்ம சனங்களின் முகமும் அதில் வரட்டும் என்று அம்மன் கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெம்பான் பக்கத்தில் என் மனைவியின் சொந்தக்காரர்கள் இருந்த தோட்டம். அதை விற்றாகிவிட்டது. மரங்களைச் சாய்த்து, வீட்டு மனைக்குக் கம்பு நட்டிருந்தார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் காலி. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் அஞ்சலை அக்கா. பால் வெட்டியே மகளை வளர்த்தவர். மகள் சரசு புக்கிட் காத்திலில் குடியிருந்தாள். சாமான்களைக் கட்டி அம்மாவை அழைத்துப்போக வந்து தங்கியிருந்தாள்.

அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருந்தது. தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும் முன் எடுத்துக் கொடுத்ததாம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை, அதன் தகரக் கூரை, முன்னால் நெடுநெடுவென்று ஒரு ஆள். அவர்தான் அக்காவின் கணவர் கோவிந்தன். சட்டத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. படத்தின் நெற்றியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, அந்த இடம் காய்ந்த பழுப்பாகத் தடித்திருந்தது. ஓரத்தில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது.

"அவரு வேற படம் எடுத்ததே இல்ல தம்பி. அடையாள அட்டை ஐசியில ஒண்ணு இருந்துச்சு. செத்ததும் அதையும் கவர்மெண்ட்ல வாங்கிக்கிட்டாங்க," என்றார் அக்கா. "லோரி கவுந்து அவரு போனப்ப சரசு கைக்கொழந்த. அப்பான்னா இந்தப் படம்தான் இவளுக்கு."

"பூஞ்சை பிடிக்குது அக்கா. இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்காது. எங்க ஆபிஸ்ல கம்பியூட்டர்ல ஏத்திட்டா அழியாது."

"அழியவே அழியாதா?"

"அழியாது அக்கா."

புவான் எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். அக்கா படத்தை இறக்கி, பழைய சேலைத் துண்டில் சுற்றி, கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்.

3. வெறும் நெற்றி

படம் உரிந்த செய்தியை நான் நேரில் போய்ச் சொன்னேன்.  அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கேயாவது படத்தைக் கட்டி வைத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

சரசுதான் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, கவர்மெண்ட் ஆபிஸ் லா! எங்க வீட்டு ஒழுகுற கூரைக்குக் கீழ இத்தன வருஷம் இருந்துச்சு. உங்க ஏர்கோன்ல ரெண்டு ராத்திரி தாங்கலையா? கேட்டா சிரிப்பாங்க லா!"

"சரசு, சும்மா இரு," என்றார் அக்கா.

"எப்பப் பாரு சும்மா இரு, சும்மா இரு. அவங்க கேட்டாங்க, நீ குடுத்துட்ட."

நான் பையிலிருந்து பிரிண்டை எடுத்தேன். ஆபிசில் இருந்த நல்ல தாளில், இங்க்ஜெட் பிரிண்டரில் புவானே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். பூஞ்சைக் கறையையெல்லாம் கம்பியூட்டரில் நீக்கியிருந்தார். உண்மையைச் சொன்னால், பழைய படத்தில் தெரியாத கண் இமைகூட அதில் தெரிந்தது. சரசு ஏசுவதை விட்டுக் கிட்டே வந்தாள். அப்பாவின் முகத்தை அவ்வளவு தெளிவாக அவள் பார்த்தது அப்போதுதான்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நெத்தி வெறிச்சுன்னு இருக்கே தம்பி."

"கறைன்னு நெனச்சு அழிச்சிட்டாங்க அக்கா."

"கறையா?" என்றார். அப்புறம், "பரவால்ல. பொட்ட நானே வச்சு விடுறேன்," என்றார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. தண்ணி மட்டும் படக்கூடாது. இது தண்ணியில கரையுற மை."

"சரி தம்பி. மகள் வீட்டுக்குத்தானே போறோம். அங்க கூரை ஒழுகாது."

அவர் நினைத்தது மழைத் தண்ணீரை. நான் நினைத்ததும் அதைத்தான். தினமும் விடிந்ததும் கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் இழைக்கிறவர்கள் நாங்கள் இருவரும். சந்தனத்தை எங்கள் வீடுகளில் யாரும் தண்ணீர் என்று எண்ணியது கிடையாது.

4. படையல்

கோவிந்தன் அண்ணனின் திதிக்கு அக்கா என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார். புக்கிட் காத்திலில் சரசுவின் வீடு. புதுச் சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர். அதில் ஆணி அடித்து, பிரிண்டை ஒரு அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தார்கள். அக்கா பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டிருந்தார். "பைக்குள்ள அடைச்சு வச்சா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது.

கீழே வாழை இலை. சோறு, சாடின் மீன் சம்பல், மரவள்ளிக்கிழங்கு, அவருக்குப் பிடித்த கறுப்புப் பியர் ஒரு போத்தல். "அதையும் வச்சியாம்மா? மேல போயும் குடிக்கணுமா?" என்று சரசு கேட்க, அக்கா, "வருஷத்துக்கு ஒரு நாளுடி, குடிச்சிட்டுப் போகட்டும்," என்றார். எல்லோரும் சிரித்தோம்.

விளக்கு ஏற்றினார். மாலை போட்டார். கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, அந்த வெறும் நெற்றியில் வைத்தார். அதன் மேல் குங்குமம்.

சாம்பிராணி போட நான் குனிந்தேன். நிமிரும்போது சரசு, "அம்மா!" என்றாள்.

பொட்டைச் சுற்றி நெற்றி கலங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் அந்தப் பிரிண்டர் கறுப்பையும் வண்ண மைகளைக் கலந்துதான் போடும். கருநீலமாக ஒரு சொட்டு புருவத்தில் இறங்கியது. அக்கா பதறிப்போய் முந்தானையால் ஒற்றினார். முந்தானையும் ஈரம்.

"துடைக்காதம்மா! விடு, துடைக்காத!"

அதற்குள் கண் போய்விட்டது. ஊதாவும் நீலமும் கன்னத்தில் வழிந்து சட்டைக்குள் போயின. கொட்டகையும் தகரக் கூரையும் அப்படியே அச்சு அசலாக நின்றன. முன்னால் நின்றவருக்கு மட்டும் முகம் இல்லை.

அக்கா கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனியில் மஞ்சளும் நீலமும். அன்றைக்கு யாரும் அந்த இலையில் சாப்பிடவில்லை.

5. மூன்று தடவை

மறுநாளே புவானிடம் சொன்னேன். அவர் பாவம், கண் கலங்கிவிட்டார். உடனே இன்னொரு பிரிண்ட் எடுத்தார். தானே கடைக்குப் போய் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். பைப் தண்ணீரில் பிடித்துக்கூடப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை நெற்றிப் பழுப்பை அழிக்கவும் இல்லை. முருகன் வழிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போனேன்.

அக்கா கை நீட்டவில்லை.

"வேணாம் தம்பி."

"அக்கா, இது கரையாது. தண்ணியிலயே போட்டுப் பார்த்தாச்சு."

"கரையாதுன்னே வச்சுக்குவோம். மொதல்ல லோரி கொண்டு போச்சு. அப்புறம் உங்க ஆபிசுல போனாரு. மூணாவது, என் கையாலேயே. நான் பார்க்கப் பார்க்க. இன்னொரு தடவ தாங்க எனக்குத் தெம்பில்ல."

"கம்பியூட்டர்ல இருக்கே அக்கா. எத்தன வேணும்னாலும் எடுக்கலாம்."

"அதான் தம்பி பயமா இருக்கு," என்றார். "எத்தன வேணும்னாலும்."

சரசு வாசல் வரைக்கும் வந்தாள். முன்பு போல ஏசவில்லை. "அண்ணே, நான் வாங்கிக்கலாம். ஆனா அம்மா இருக்கிற வீட்டுல அத ஒளிச்சு வைக்கணும். அப்பாவ ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நான் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

6. வெள்ளைச் சுவர்

ஹோம்பேஜ் திறந்தார்கள். பேச்சு, பலகாரம், கைதட்டல் எல்லாம் உண்டு. கோவிந்தன் அண்ணன் படமும் அதில் இருந்தது. கீழே மலாயில் 'ரப்பர் புகைக் கொட்டகையும் தொழிலாளியும்' என்று எழுதியிருந்தார்கள். பெயர் போடுங்கள் என்று கேட்டேன். புவான் உடனே போட்டுக் கொடுத்தார். சில மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. அந்தக் கொட்டகையைத் தான் சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பதாகவும், அந்தத் தகரக் கூரையை மறுபடி பார்க்கக் கிடைத்தது பாக்கியம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆபிசே கூடி நின்று படித்தது. முன்னால் நிற்கும் ஆளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நான் புத்தகம் அடுக்கப் போய்விட்டேன்.

அடுத்த வருஷத் திதிக்கும் அக்கா எங்களை அழைத்தார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? போனோம். ஆணியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். இலை போட்டு, விளக்கு ஏற்றி, அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் போனார். படம் மாட்டியிருந்த இடத்தை விட்டுவிட்டுக் கையை அதற்கும் மேலே கொண்டுபோனார். குதிகாலைத் தூக்கி எக்கி நின்று, எட்டிய மட்டும் உயரத்தில் ஒரு பொட்டு வைத்தார். ஒரு நெட்டை மனிதன் அங்கே நின்றால் அவன் நெற்றி எங்கே வருமோ, அங்கே.

"அவரு இவ்வளவு ஒசரம்," என்றார் சரசுவிடம். அவளுக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் ஆபிசில் வேலை முறை மாறியது. பூசையில் இருக்கும் படத்தை வெளியே எடுத்துப் போவதில்லை. கம்பியூட்டரையும் ஸ்கேனரையும் வேனில் ஏற்றி, வீட்டுக்கே கொண்டுபோய், அவர்கள் கண் முன்னால் எடுத்தோம். அது நல்ல முறை. ஆனால் அஞ்சலை அக்காவுக்கு அதனால் ஒன்றும் திரும்ப வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வீட்டுச் சுவரில் படத்தைப் பார்த்தால், எந்த வருஷம், எந்த இடம், யார் எடுத்தது என்று கேட்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதெல்லாம் அப்புறம். "இதுக்கு முன்னால நின்னு நீங்க என்ன செய்வீங்க?" என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் கையை நீட்டாதீர்கள்.