கத்திக்குப் பயந்த முன்னோடி

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் கொழுந்தன். மாமியார் இல்லாத வீட்டுக்கு நான் மருமகளாக மண்ணூருக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது.

இன்றைக்கு அவனை இதய வைத்தியத்தில் முன்னோடி என்கிறார்கள். சரிதான். கோழி அறுக்கக் கத்தியை எடுத்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவன் அவன்தான். குழம்பு கொதித்ததும் முதலில் திரும்பி வருகிறவனும் அவனே.

டாக்டருக்குப் படித்தான். வெளிநாடு போய், அறுக்காமலே நெஞ்சைச் சரி செய்யும் வித்தையைக் கற்று வந்தான். தொடையில் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாகவே இதயம்வரை கம்பியை விட்டு, அடைப்பில் சின்னப் பலூனை ஊதுவது. நம் பக்கத்தில் அதைச் செய்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான். கத்திக்குப் பயந்தவன் வேறு எதைக் கற்பான்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் ஒரு நாள், ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பட்டணத்தில் கொழுந்தனின் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படம் எடுத்ததில் ஒரு குழாயில் அடைப்பு. என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, குறுக்கே வந்து நின்றாள்.

"நெஞ்சு வலின்னா தொடையில குத்துறானாம்! செங்கல்பட்டுக்குப் போறவன் திருத்தணி வழியாப் போன கதையாக் கீது. பெரிய டாக்டர வெச்சி அறுத்துடலாம். நீ சைன் போடாத!"

கொழுந்தன் தாளை நீட்டினான். "அண்ணி, சொந்த அண்ணனுக்கு நான் செய்யக்கூடாதுன்றாங்க. இங்க வேற ஆளும் இல்ல. நீ சொன்னாத்தான் செய்வேன்."

"பலூன் வெடிச்சுட்டா?"

"வெடிக்கலாம். அறுக்கறதுக்கு ஆள் ரெடியா கீறாங்க."

அறுப்பது என்றதும் அவன் ஓரடி பின்வாங்கினான். "இன்னாடா, உங்கண்ணன கோழின்னு நெனச்சுக்கினியா?"

"கோழிக்கு நான் கையெழுத்து வாங்கலியே, அண்ணி."

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எனக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். ஹாஸ்டல் தாளில் அண்ணி மைவிரல் வைப்பது துரைக்கு அவமானமாம். அந்த நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். "இதுக்குத்தான்டா கத்துக் குடுத்தியா?" என்றேன். அவன் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

வெடிக்கவில்லை. சில நாளில் என் வீட்டுக்காரர் நடந்தே வீட்டுப்படி ஏறினார். ஊரே பழத்தோடு வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தது. நெஞ்சில் ஒரு கீறல் இல்லை.

"இன்னாமே, தையலக் காணோம்? நல்லா ஏமாத்திட்டான் சின்னவன்!" என்றாள் நாத்தனார்.

தொடையைத் திறந்து ஊருக்குக் காட்ட முடியுமா? பலூன் ஊதிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரருக்கும் அதே குறைதான்: "காட்டறதுக்கு ஒரு தையலாவது போட்டிருக்கலாம்." அடுத்த போகத்துக்கு அவரே ஏர் ஓட்டினார். அதை எவரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

போன மாதமும் கொழுந்தனுக்குப் பொன்னாடை. மேடையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கோழிக் கதையைச் சொல்லிவிடுவேனோ என்று அவ்வளவு பெரிய டாக்டரான அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். பாவம் என்று அங்கே சொல்லாமல் விட்டேன். அதனால்தான் இப்போது நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அடியில் கையெழுத்து நான்தான் போடுவேன். மொதல்ல ஒருவாட்டி படிடி, கண்ணு. அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரித் தாள்ல இன்னா எழுதிக்கீதுன்னு கேக்காமலே போட்டுட்டேன்.